சுவர் கேட்கும் இடம்

மஸ்கெலியா பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கு மேலே
கீழ்ப்பிரிவு. இருபது வீட்டுக்கு ஏழேழு பேர்ச்,
நூல் பிடித்துச் சுண்ணாம்பு போட்டாயிற்று.
பின்னால் பதினாலடி வெட்டுமுகம்:
மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள்,
அடியில் வெங்காயம்போல் தோல்தோலாய்க் கழலும் பாறை.
இதை நிறுத்த ஒரு சுவர் சொல்ல வேண்டும் நான்,
வெள்ளிக்கிழமைக்குள்.

கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தில் கொங்கிரீட்.
மெலிந்து நிமிர்ந்தது,
ஒரு காலை மண்ணுக்குள் நீட்டி உட்கார்ந்தது.
தன்மேல் ஏறிய மண்ணின் பாரத்தாலேயே
விழாமல் நிற்கும் கெட்டிக்காரச் சுவர்.
ஆனால் அந்தக் காலை நீட்ட
இன்னும் எட்டடி மலையைத் தோண்ட வேண்டும்.
எட்டடிக்கு மேலே லயம். லயத்தில் ஆட்கள்.
குழி திறந்து கிடக்கும் ஆறு வாரமும்
மழை லீவு போடுமா?

கருங்கல் கட்டு என்றார் ஒப்பந்தக்காரர் பியதிலக்க.
"சீமெந்து வச்சுக் கட்டினா நூறு வருஷம் நிக்கும் மிஸ்."
நிற்கும்தான். ஆடாமல், வளையாமல், மூச்சு விடாமல்.
அடிமண் ஓரங்குலம் இறங்கினால்
நெற்றியில் பிளக்கும்.
மலைக்குள் இரும்பு ஆணி அறையலாம்;
அறைகிற இயந்திரம் மதகைத் தாண்டாது.
தாண்டினாலும் காசு தாண்டாது.

சோதனைக் குழி இரண்டு வெட்டினோம்.
மார்ச் மாதம். காய்ந்து கிடந்தது.
'ஈரமில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
கொழுந்துச் சாக்கை இறக்கிவைத்து
எட்டிப் பார்த்த மரகதவல்லி சிரித்துவிட்டாள்.
"ஆடியில வாங்க. எங்க அஞ்சாம் காம்பிராவுல
பாய விரிச்சா பாய் மெதக்கும்."
எழுதியதை வெட்டினேன்.

தண்ணீர்தான் தள்ளுகிறது. மண் சும்மா கூட வருகிறது.
பேராதனையில் இதைச் சமன்பாடாகப் படித்தேன்:
முக்கோணம் ஒன்று, அதன்மேல் இன்னொரு முக்கோணம்,
இரண்டாவதுதான் ஆளை விழுங்கும்.
பரீட்சையில் அதற்குப் பதினைந்து புள்ளி.

ஆகவே கம்பிக்கூடை.
கூடைக்குள் கல், கூடைமேல் கூடை,
முதுகில் வடிதுணி, காலடியில் கான்.
வருகிற தண்ணீரைப் போ என்று விட்டுவிடும்.
மலை தோளசைத்தால் தானும் வயிறு தள்ளிக் கொடுக்கும்.
அழகில்லை. ரிப்பன் வெட்டத் தோதான முகமில்லை.
அகலமும் அதிகம்: ஒன்பதடி அடி.

ஒன்பதடியைச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் வைத்துப் பார்த்தேன்.
வெட்டுமுகம் வளைகிற மூலையில்
பதினெட்டாம் காணியின்
சமையலறையும் பாதிக் கூடமும் சுவராகிவிட்டன.

பதினெட்டு யாருக்கு?
தவராசன் பட்டியலைப் புரட்டினான்.
நிமிர்ந்து, ஒன்றும் பேசாமல்,
கொழுந்துச் சாக்கு போன திசையைப் பார்த்தான்.

மறுபடி அளந்தேன். நாடா மாறவில்லை.
சுவரைப் பின்சாய்த்தேன், படியாக்கினேன்,
பயத்துக்கென்று கணக்கில் கூட்டிவைத்ததில்
கொஞ்சம் கழித்தால் என்ன என்றும் யோசித்தேன்.
யோசித்ததை எழுதிவைக்கிறேன். கழிக்கவில்லை.

மற்றப் பத்தொன்பது காணியிலும் அரையடி கேட்டோம்.
கூட்டம் இரவு ஒன்பது வரை.
அரையடிக்காக இருவர் எழுந்து போனார்கள்,
ஒருவர் திரும்பி வந்தார்.
கோடுகள் நகர்ந்தன. பதினெட்டு தப்பியது.
அதன் கக்கூஸ் எங்கே என்பது இன்னும் தீரவில்லை.

கல்லுக்கு எங்கும் அலைய வேண்டாம்.
போன வருஷம் இறங்கி
ஆறாம் காம்பிராமேல் உட்கார்ந்த பாறை இருக்கிறது,
லொறியளவு. உடைக்க ஆள் வந்தாயிற்று.
கையெழுத்து வைத்த பிறகு மரகதவல்லி கேட்டாள்:
"அந்தக் கல்ல மட்டும் எங்க பக்கம் போடாதீங்க மிஸ்."
சரி என்றேன்.

ஒன்பதங்குலத் துண்டானபின்
எது அந்தக் கல் என்று எனக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது.
தினமும் வேலை விட்டு வந்து
குவியலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அளவுப் பட்டியல், உருப்படி ஏழு: கல்.
கிடைக்கும் இடம்: களத்திலேயே.
ஏற்றுகூலி: இல்லை.